தராசுக்கும் தட்டுக்கும் இடையே

நடந்துகொண்டிருக்கும் ஒரு திட்டத்தை மதிப்பிட வருகிறவர் முதலில் யாரிடம், என்ன கேட்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு செலவானது, இலக்கை எட்டியதா என்று நாம் வழக்கமாகக் கேட்கிறோம். அவை வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால், திட்டத்தை அன்றாடம் நடத்துகிறவர்களோடு உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் செய்கிற இந்த வேலை, நீங்கள் எதிர்பார்க்கிற அந்தப் பலனை எந்த வழியாகக் கொண்டுவரும் என்று நம்புகிறீர்கள்? இதற்கான விடையை மதிப்பீட்டுத் துறையினர் ‘திட்டக் கோட்பாடு’ என்கிறார்கள். கோட்பாடு என்றதும் தடித்த புத்தகங்கள் நினைவுக்கு வர வேண்டியதில்லை. ஈரம் இருந்தால் விதை முளைக்கும், வேலி இருந்தால் முளைத்தது ஆடுமாடுக்குத் தப்பும், களை எடுத்தால் தப்பியது கதிர் பிடிக்கும் என்று ஒரு விவசாயி மனத்தில் வைத்திருக்கிற கணக்குப் போன்றதுதான் அது. அந்தக் கணக்கைத் திட்டப் பணியாளர்களே வாய்விட்டுச் சொல்லவும், எழுதவும், திருத்தவும் மதிப்பீட்டாளர் துணை நிற்க வேண்டும். ஆயத்தமான படம் ஒன்றைத் தன் பையிலிருந்து எடுத்து அவர் விரிக்கக் கூடாது என்பது என் வாதம்.

இதற்கு நம் ஊரிலிருந்தே தொடங்கும் சான்று ஒன்று இருக்கிறது. 1980-ல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது 1982-ல்; இது அதற்கும் முந்தையது, நோக்கத்திலும் வேறுபட்டது. தானே நடந்து வந்து தட்டேந்தி உட்காரும் வயதுப் பிள்ளைகளை அல்லாமல், 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை இது எடுத்துக்கொண்டது. அந்த வயதுக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போடுவார்கள். எடை ஏறாமல் தேங்கியவர்களுக்கும் மிக மெலிந்தவர்களுக்கும் மட்டும் ஏறத்தாழ 90 நாள் கூடுதல் உணவு கொடுப்பார்கள். தேறியதும் நிறுத்திவிடுவார்கள். இடையில் தாய்க்கு ஊட்டும் முறையைச் சொல்லித் தருவார்கள். பணிக்கு எடுக்கப்பட்டவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள். ஏழ்மையிலும் தன் பிள்ளைகளை நல்லபடியாக வளர்த்த தாயாக இருந்தால் நல்லது என்பது தேர்வு செய்தவர்களின் எண்ணம்.

இந்தச் சிறுசிறு ஏற்பாடுகளுக்குள் ஒரு முழுக் கோட்பாடு அடங்கியிருக்கிறது. குழந்தை மெலிவதற்கு வறுமை மட்டுமே காரணம் என்று நினைத்திருந்தால் ஏழை வீட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் ஆண்டு முழுக்க உணவு கொடுத்திருப்பார்கள். இருப்பதையே எப்போது, எந்தப் பக்குவத்தில், எத்தனை வேளை ஊட்டுவது என்ற பழக்கமும் காரணம் என்று நம்பியதால்தான் 90 நாள் என்று வரம்பு வைத்தார்கள். எடை தேங்கும் மாதத்திலேயே பிடித்துவிட்டால் குழந்தை நோயில் விழுமுன் மீட்டுவிடலாம் என்று நம்பியதால்தான் மாதந்தோறும் எடை. குழந்தை தேறுவதைத் தாய் தன் கண்ணால் பார்த்தால் அடுத்த முறை தானே பார்த்துக்கொள்வாள் என்று நம்பியதால்தான் தேறியதும் உணவை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னால் தாய் கேட்பாள் என்று நம்பியதால்தான் உள்ளூர்ப் பணியாளர். திட்டப் பகுதிகளில் கடும் ஊட்டக்குறை குறைந்ததாக உலக வங்கியின் மதிப்பீடுகள் பதிவு செய்தன. அதில் எவ்வளவு இந்தத் திட்டத்தால், எவ்வளவு மற்ற மாற்றங்களால் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனாலும் உலகின் பல நாடுகளில் இது வெற்றிக்கதையாகப் பேசப்பட்டது.

1995-ல் இதை முன்மாதிரியாக வைத்து வங்கதேச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அங்கும் ஊர்ப் பெண்ணே பணியாளர், அங்கும் மாத எடை, அங்கும் தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்குக் கூடுதல் உணவு, தாய்மார்களுக்கு ஆலோசனை. கர்ப்பிணிகளுக்கும் உணவு உண்டு. உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவுக்காக ஹோவர்ட் ஒயிட், எடோர்டோ மாசெட் ஆகியோர் பங்கேற்றுச் செய்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. குழந்தைகளின் ஊட்டநிலையில் திட்டம் உண்டாக்கிய மாற்றம் மிகச் சிறியது என்று அது கண்டது. அதோடு நின்றிருந்தால் இன்னொரு தோல்வி அறிக்கையாக அலமாரியில் தூங்கியிருக்கும். அவர்கள் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுப் பார்த்தார்கள். உணவு சேர வேண்டிய குழந்தைகளில் பலருக்குச் சேரவில்லை. சேர்ந்த இடத்திலும் அது வீட்டு உணவோடு கூடுதலாகச் சேர்ந்ததா, வீட்டு உணவுக்கு மாற்றாகிவிட்டதா என்ற ஐயம் எழுந்தது. தாய்மார்களுக்கு அறிவுரை போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் தெரிந்ததற்கும் செய்ததற்கும் இடையே பள்ளம் இருந்தது. ஏனென்றால் பல வீடுகளில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறவர் ஆண். கூட்டுக் குடும்பமானால் அடுப்படியில் முடிவெடுக்கிறவர் மாமியார். திட்டம் பேசியதோ மருமகளிடம்.

இந்த இரு திட்டங்களையும் அருகருகே வைத்துத் தத்துவப் பேராசிரியர் நான்சி கார்ட்ரைட், ஜெரமி ஹார்டியோடு சேர்ந்து 2012-ல் எழுதிய நூலில் நெடுக விவாதித்திருக்கிறார். ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்க, அந்த வேலைக்குத் துணையாக நிற்கும் மற்ற நிலைமைகளும் அங்கே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அது சரிதான். ஆனால் எனக்கு வேறொரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. சோற்றுப் பானையின் கரண்டி யார் கையில் இருக்கிறது என்பது வங்கதேசத்து ஊர் ஒன்றில் இரகசியமா? அங்கே பணியாற்றிய பெண்களும் யாரோ ஒரு மாமியாரின் மருமகள்கள்தானே? அவர்களுக்குத் தெரியாததா? தெரிந்தே இருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லித்தான் இதை முன்வைக்கிறேன். அவர்கள் அறிந்தது திட்டத்தின் காகிதத்தில் ஏறாமல் போனதற்கு, அதை யாரும் அந்த வடிவத்தில் கேட்காததே காரணமாக இருக்கும். ‘எத்தனை தாய்மார்களுக்கு ஆலோசனை சொன்னீர்கள்’ என்று மாதாந்திரப் படிவம் கேட்டால், பணியாளர் எண்ணிக்கையைத்தான் எழுதுவார். ‘தாய் கேட்டுக்கொண்ட பிறகு வீட்டில் என்ன நடக்கிறது’ என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

களத்தில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட அறிவை ‘கோட்பாடு’ என்ற பெயரில் வைத்திருப்பதில்லை. ‘சமாளிப்பு’ என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். நம் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கிற சொல் அது. ஒரு பணியாளர் எதையாவது சமாளித்தேன் என்று சொன்னால், அங்கே திட்டம் எழுதியவரின் கணக்கும் ஊரின் நடப்பும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அவர் அந்த இடைவெளியைத் தன் சொந்தப் புத்தியால் நிரப்பியிருக்கிறார். நடவுக் காலத்தில் தாய் விடிகாலையிலேயே வேலைக்குப் போய்விடுவாள். குழந்தையை எடை போடக் கூட்டி வருவது பாட்டி. பணியாளர் பாட்டியிடமே விவரத்தைச் சொல்லி அனுப்பிவிட்டு, பதிவேட்டில் தாயின் பெயரை எழுதுவார். பாட்டி பெயர் எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு சிறு சமாளிப்பு. மதிப்பீட்டாளருக்கோ அது திட்டக் கோட்பாட்டின் திருத்தப்பட்ட பதிப்பு. ஊட்டுகிற கையிடம் பேசினால்தான் ஊட்டுவது மாறும் என்று அந்தப் பெண் கண்டுபிடித்திருக்கிறார். அதைத் தாமே உரக்கச் சொல்லும்படி அவருக்கு உதவுவதும், அது மெய்யா என்று சோதிக்கத்தக்க வாக்கியமாக அதை மாற்றுவதும் மதிப்பீட்டாளரின் வேலை.

இந்த எண்ணம் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் எட்வர்ட் சச்மன் 1967-ல் எழுதிய நூலிலேயே, ஒரு திட்டம் தோற்றால் அது செயல்படுத்தியதில் வந்த தோல்வியா, அடிப்படைக் கருத்தில் வந்த தோல்வியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். மருந்து சரியில்லையா, மருந்தைக் குடிக்கவே இல்லையா என்ற வேறுபாடு அது. கேரல் வைஸ் 1972-ல் வெளியிட்ட நூலில், ஆசிரியர்கள் மாணவர்களின் வீடுகளுக்குப் போய்வரும் ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் வழிகளைப் படமாக வரைந்து காட்டினார். வீட்டுக்குப் போவதால் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் ஏன் கூட வேண்டும்? பிள்ளையின் வீட்டுச் சூழலை ஆசிரியர் புரிந்துகொண்டு கற்பிக்கும் முறையை மாற்றிக்கொள்ளலாம். பெற்றோருக்குப் பள்ளி மீது பிடிப்பு வந்து வீட்டில் படிக்கச் சொல்லலாம். பிள்ளையின் உடல்நலக் கோளாறு ஆசிரியர் கண்ணில் பட்டு மருத்துவத்துக்கு வழி பிறக்கலாம். செயல் ஒன்றுதான், வீட்டுக்குப் போவது. அதன் அடியில் ஓடும் வழிகள் பல. எந்த வழி என்று தெரியாமல் போனால், வீட்டு வருகையை வாரம் ஒன்றாக்குவதா, ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பதா, மருத்துவரை உடன் அனுப்புவதா என்று முடிவு செய்யவே முடியாது. அதே பத்தாண்டில் ஜோசப் ஹோலியும் அவருடன் பணியாற்றியவர்களும் இன்னொரு பக்கத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தார்கள். பல அரசுத் திட்டங்களை மதிப்பிடவே முடியவில்லை, ஏனென்றால் அவை எதைச் சாதிக்க, எப்படி முயல்கின்றன என்பதில் நடத்துகிறவர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை என்று கண்டு, மதிப்பீட்டுக்கு முன்னால் மேலாளர்களோடு உட்கார்ந்து அதைத் தெளிவாக்கும் முறையை வகுத்தார்கள்.

சரி, உட்கார்ந்து எப்படிப் பேசுவது? எடை போடும் அந்த ஒரு காலைப் பொழுதையே எடுத்துக்கொள்வோம். உத்தரத்தில் ஸ்பிரிங் தராசு தொங்குகிறது. துணித்தூளியில் குழந்தை காலை உதைத்துக்கொண்டு அழுகிறது. முள் ஆடி நிற்கும்வரை பணியாளர் ஒரு கையால் தூளியைப் பிடித்துக்கொள்கிறார். எடையைப் படிக்கிறார், வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார், போன மாதப் புள்ளியோடு கோடு இழுக்கிறார். கோடு மேலே போகாமல் படுத்திருக்கிறது. இந்த இடத்தில் நிறுத்தி, ‘இதற்கு அடுத்து என்ன நடக்கும்?’ என்று கேட்க வேண்டும். ‘அம்மாவிடம் சொல்வோம்.’ சரி, சொன்னதும்? ‘அவர்கள் நல்லா ஊட்டுவார்கள்.’ நல்லா என்றால் வீட்டில் எது மாறும்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் சற்று மௌனம் வரும். அந்த மௌனத்தை மதிப்பீட்டாளர் தானே நிரப்பிவிடக் கூடாது. கஞ்சி கெட்டியாகுமா, வேளை கூடுமா, எண்ணெய் ஒரு கரண்டி சேருமா, தட்டில் வைத்துவிட்டுப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவார்களா? அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் யாரிடம் இருக்கிறது? எண்ணெய் வாங்கக் காசு வேண்டும். அது யார் கையில் இருக்கிறது? வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் தனியாக ஊட்ட மனம் வருமா? தராசின் முள்ளிலிருந்து குழந்தையின் வாய்க்குப் போகும் வழி, பார்க்கும்போது குறுகியது. நடந்து பார்த்தால் அத்தனை வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நிற்கிறார். அவர் திறந்துவிடுவார் என்று திட்டம் நம்பிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கேள்விகளைப் பின்னாலிருந்து முன்னால் கேட்பது இன்னும் பயன் தரும் என்று நினைக்கிறேன். குழந்தை தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முந்தைய வாரம் வீட்டில் என்ன நடந்திருக்க வேண்டும்? அதற்கும் முன்னால்? முன்னாலிருந்து தொடங்கினால் பணியாளர்கள் தங்கள் செயல்பாடுகளையே அடுக்குவார்கள். கூட்டம் போட்டோம், பயிற்சி கொடுத்தோம், துண்டறிக்கை கொடுத்தோம் என்று பட்டியல் நீளும். பலனிலிருந்து பின்னோக்கி வந்தால், எந்தச் செயல்பாட்டோடும் ஒட்டாத ஓட்டைகள் தாமாகவே தெரியவரும். தேறிய ஒரு குழந்தையையும் தேறாத ஒரு குழந்தையையும் நினைவில் வைத்துப் பேசச் சொல்வது இன்னொரு நல்ல வழி. பொதுவாகக் கேட்டால் சுற்றறிக்கையின் மொழி வரும். குறிப்பிட்ட குழந்தையைப் பற்றிக் கேட்டால் வீட்டின் மொழி வரும். சொன்னதை அவர்கள் சொற்களிலேயே எழுத வேண்டும். ‘நடத்தை மாற்றம்’ என்று மதிப்பீட்டாளர் மொழிபெயர்த்து எழுதிய நிமிடத்தில் பாட்டியும் எண்ணெய்க் கரண்டியும் காணாமல் போய்விடுகிறார்கள்.

யார் இருக்கும்போது கேட்கிறோம் என்பதும் கேள்வி அளவுக்கு முக்கியம். நம் அங்கன்வாடி அமைப்பில் பணியாளர், உதவியாளர், அவர்களுக்கு மேல் மேற்பார்வையாளர், அவருக்கு மேல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் என்று அடுக்கு இருக்கிறது. எல்லாரையும் ஒரே அறையில் வட்டமாக உட்காரவைத்து ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்றால், நாற்காலிகள் வட்டமாக இருக்கும், பேச்சு வரிசையாகத்தான் வரும். அலுவலர் முதலில் பேசுவார். மற்றவர்கள் ‘மேடம் சொன்ன மாதிரிதான்’ என்பார்கள். ஆகவே ஊர்ப் பணியாளர்களோடு முதலில் தனியாகவும், மேற்பார்வையாளர்களோடு பிறகு தனியாகவும் பேசி, இரண்டு படங்களையும் வரைந்துவிட்டு, அதன்பின் எல்லாரும் கூடி வேறுபாடுகளைப் பார்ப்பது நல்லது. ஒப்பிடும்போது எது யார் சொன்னது என்று தெரியாதபடி பார்த்துக்கொள்வது மதிப்பீட்டாளரின் கடமை. உண்மை சொன்னதற்காக ஒருவருக்கு விளக்கக் குறிப்பாணை வருமானால், அடுத்த பத்தாண்டுக்கு அந்த வட்டாரத்தில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். வலுவான முதல் மறுப்பு, பணியாளர்கள் தங்கள் வேலையை நியாயப்படுத்தும்படியாகத்தான் கோட்பாடு சொல்வார்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது. கிறிஸ் ஆர்ஜிரிஸ், டொனால்ட் ஷோன் இருவரும் 1974-லேயே ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார்கள்: மனிதர்கள் தாம் பின்பற்றுவதாகச் சொல்லும் கோட்பாடு ஒன்று, அவர்கள் நடத்தையில் தெரியும் கோட்பாடு இன்னொன்று. பெரும்பாலும் தமக்குள் இப்படி ஓர் இடைவெளி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. எடை போடும் நாளில் கூட இருந்து பார்க்க வேண்டும், பதிவேட்டைப் புரட்ட வேண்டும், தாயிடமும் பாட்டியிடமும் பேச வேண்டும். ஆனால் இந்த மறுப்பிலிருந்து ‘அப்படியானால் பணியாளர்களைக் கேட்கவே வேண்டாம்’ என்று முடிவுக்கு வருவது சரியாகாது. நோயாளி தன் வலியைக் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடும் என்பதற்காக எந்த மருத்துவரும் எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் இருப்பதில்லை. அவர் கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்க்கிறார். பணியாளர் தரும் கோட்பாடு தீர்ப்பு ஆகாது. சோதனைக்கு வைக்கப்பட்ட கூற்று அது. ‘இந்த இணைப்பு தவறு என்று எதைப் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள்?’ என்று தரவு வருமுன்பே கேட்டு, பதிலைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டால், பிற்பாடு வளைப்பதற்கு இடம் குறையும். முடிவு வந்தபின் அதற்கேற்பக் கோட்பாட்டைத் தைப்பது நம் துறையின் பழைய நோய். அதற்கு இதைவிட எளிய மருந்து எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பு, பொருளியல் அறிஞர்கள் சிலரிடமிருந்து வருகிறது. ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்குத் திட்டத்தைக் கொடுத்து, மறு பகுதியோடு ஒப்பிட்டால் பலன் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடுகிறதே, இடையில் இந்தக் கோட்பாடு எதற்கு என்கிறார்கள். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் அமைப்போடு சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் செய்து 2010-ல் வெளியிட்ட தடுப்பூசி ஆய்வு இந்த வகையில் புகழ்பெற்றது. சில ஊர்களில் தவறாமல் நடக்கும் தடுப்பூசி முகாம் மட்டும். வேறு சில ஊர்களில் முகாமோடு, ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகள். எதுவும் செய்யாத ஊர்களில் 6 சதவீதக் குழந்தைகளுக்கும், முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18 சதவீதத்துக்கும், பருப்பும் சேர்ந்த ஊர்களில் 39 சதவீதத்துக்கும் முழுத் தடுப்பூசி போடப்பட்டிருந்தது. ஆனால் அந்த ஆய்வின் அமைப்பைக் கூர்ந்து பாருங்கள். ஊசி போடுகிறவர் ஒழுங்காக வராததுதான் தடை என்பது ஒரு கோட்பாடு. வந்தாலும் பெற்றோர் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள், ஒரு சிறு தூண்டுதல் வேண்டும் என்பது இன்னொரு கோட்பாடு. இரண்டையும் பிரித்தறியும்படி ஊர்களை மூன்றாக வகுத்ததால்தான் அந்த எண்கள் நம்மோடு பேசுகின்றன. எதை எதோடு ஒப்பிடுவது என்று சொல்லித் தந்தது கோட்பாடுதான். குலுக்கல் சோதனைக்கும் இதற்கும் பகை இல்லை.

மூன்றாவது மறுப்பை மைக்கேல் ஸ்கிரிவனின் எழுத்துகளிலிருந்து எடுக்கலாம். மதிப்பீட்டுத் துறையின் பெரியவர்களுள் ஒருவர் அவர். திட்டம் என்ன நினைத்தது என்பதைக் கேட்காமலேயே, அது உண்மையில் என்ன செய்தது என்று பார்க்கும் ‘இலக்கு கேளா மதிப்பீடு’ என்ற முறையை 1970-களின் தொடக்கத்தில் முன்வைத்தவர். சமையல் நன்றாக இருக்கிறதா என்று சொல்ல, சமையல் முறை தெரிய வேண்டியதில்லை என்பது போன்ற வாதம் அது. பணியாளர்களோடு உட்கார்ந்து அவர்கள் கோட்பாட்டை வளர்க்க உதவுகிறவர், நாளடைவில் அந்தத் திட்டத்தின் பங்காளி ஆகிவிடுவார்; பிறகு எப்படி நடுநிலையோடு தீர்ப்புச் சொல்வார்? இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. திட்டத்தைத் தொடர்வதா மூடுவதா என்ற ஒரே முடிவுக்காக மதிப்பிடும்போது, எதிர்பாராத தீங்கு எதுவும் நடக்கிறதா என்று தேடும்போது, வெளிக்கண் கட்டாயம் வேண்டும். கோட்பாட்டை வரைய உதவியவரே இறுதி அளவீட்டையும் செய்யாமல் வேறொருவரிடம் விடலாம். ஆனால் பெரும்பாலான மதிப்பீடுகள் மூடுவதற்காகச் செய்யப்படுவதில்லை. குழந்தைகளுக்கு உணவு கொடுப்பதை எந்த அரசும் ஓர் அறிக்கையைப் பார்த்து நிறுத்திவிடப் போவதில்லை, நிறுத்தவும் கூடாது. எதை மாற்றினால் நன்றாகும் என்பதுதான் அங்கே கேள்வி. சாப்பிட்டுப் பார்த்து உப்புக் குறைவு என்று சொல்ல விருந்தாளி போதும். எந்தக் கட்டத்தில் எது தவறியது என்று அறிய அடுப்படிக்குள் போகத்தான் வேண்டும்.

சில சிறு மறுப்புகளும் உண்டு. வாழ்க்கை இப்படிப் பெட்டியும் அம்புமாக நேர்கோட்டில் நடப்பதில்லை என்பார்கள். உண்மை, அம்பு திரும்பி வரும் இடத்தில் திருப்பி வரையலாம், தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடலாம். நேரம் ஆகும் என்பார்கள். ஆகும், சில நாள் உட்கார வேண்டியிருக்கும், அங்கன்வாடிப் பணியாளரின் வேலைப்பளுவில் அது சிறிய கேட்பு ஆகாது. அந்த நாட்களுக்கு அவருடைய மற்ற பதிவேட்டு வேலைகளைக் குறைத்துத் தருவது திட்டத்தை நடத்தும் துறையின் பொறுப்பு. பணியாளர்களுக்குள்ளேயே கோட்பாடுகள் முரண்படுமே என்றும் கேட்பார்கள். முரண்படட்டும். ஒருவர் குழந்தை தேறுவது உணவால் என்கிறார், இன்னொருவர் தாயின் கவனத்தால் என்கிறார் என்றால், அதைச் சமரசம் செய்து ஒரே படமாக்குவது தவறு. இரண்டையும் வைத்துக்கொண்டு, உணவு நின்ற பிறகும் எந்தக் குழந்தைகளின் எடை ஏறிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கலாம். மதிப்பீட்டுக்கு அப்படிப்பட்ட முரண் ஒரு வரம்.

கடைசியாக ஒன்று. இப்படி வரைந்த படம் எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அறிக்கையின் பின்னிணைப்பில் வண்ணத்தில் அச்சாகித் தலைநகரத்துக்குப் போய்விட்டால், அதை வரைந்த பெண்கள் மறுபடி அதைப் பார்க்கப் போவதில்லை. மையத்தின் சுவரில் தொங்கட்டும். பென்சிலால் திருத்தும்படி இருக்கட்டும். வங்கதேசத்து அனுபவத்திலிருந்து நம் ஊர்ப் பதிவேட்டுக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது சிறியதுதான்: எடைக்கு அடுத்து ஒரு கட்டம் கூடுதலாக வரைந்து, குழந்தையை இன்று கூட்டி வந்தது யார், வீட்டில் ஊட்டுகிறவர் யார் என்று இரண்டு சொல் எழுதுவது. மூன்று மாதம் எழுதினால் போதும். பாட்டி கொண்டுவந்த குழந்தைகளின் கோடு எப்படிப் போகிறது, தாய் கொண்டுவந்த குழந்தைகளின் கோடு எப்படிப் போகிறது என்று பணியாளரே ஒரு மதிய நேரத்தில் அட்டைகளைப் பாயில் பரப்பி வைத்துப் பார்த்துவிட முடியும். அடுத்த மாத ஆலோசனைக் கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்று அவரே முடிவு செய்துகொள்வார்.